ஏழு எல்லைக்கல்லும் என் தங்கையும்

மாடிக் கட்டடத்தைச் சுற்றி எல்லைக்கல் நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயலில் இல்லை, கொல்லையில் இல்லை. தஞ்சாவூர் நகரத்துக்குள், எட்டு வீடுகள் அடுக்கிய ஒரு கட்டடத்தின் வாசலில். நட்டவர்கள் ஏழு பேர். பென்ஷன் வாங்குகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், காலையில் பேப்பர் படிக்காமல் காபி குடிக்காதவர்கள். நடாதது என் தங்கை மாலதி ஒருத்திதான். நடாத குற்றத்துக்காக அவளைக் கோர்ட்டுப் படி ஏற வைத்தார்கள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஏழு பேரும் வழியில் வருவார்கள், தவிர்க்க முடியாது.

எங்கள் ஊர் பூதலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்று வயலுக்குப் போனேன். எனக்கு அடுத்துப் பிறந்த மாலதியையும் ஒரு முறை களை எடுக்கக் கூட்டிப்போனேன். தண்ணீர் கட்டிய வயல். இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. உப்பை வைத்து நான் எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. வரப்பில் ஏறி உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, "அக்கா, சேத்துல கால் வைக்காத வேலை எதுன்னு பாத்து அதுக்குத்தான் படிக்கப் போறேன்" என்றாள். சொன்னபடி செய்தாள். பன்னிரண்டாவது முடித்து, லேப் படிப்புப் படித்து, தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். அட்டைக்குப் பயந்தவள் ரத்தம் எடுக்கப் போய்விட்டாள் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கையிலும் பிறகு அவள்தான் ஊசி போட்டாள்.

அவள் குத்தினால் வலிக்காது என்று நான் சொன்னால், தங்கை என்பதால் சொல்கிறேன் என்பீர்கள். நரம்பு அகப்படாத கிழவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி வீடு வீடாகப் போவாள். வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவன் எவனும் நல்ல வார்த்தை பேச மாட்டான். தினமும் பொழுது விடியும்போதே நாலு பேரிடம் ஏச்சு வாங்குவாள். வாங்கிக்கொண்டு, சுட்டு விரலால் நரம்பைத் தேடுவாள். "கையை மடக்காதீங்க" என்பதுதான் அவள் அதிகமாகப் பேசுகிற பேச்சு.

அவள் புருஷன் ரெத்தினம் தனியார் பேருந்தில் கண்டக்டர். திருப்பனந்தாள் பக்கம் அவருக்கு வந்த நிலத்தை விற்று இந்தக் கட்டடத்தில் தரைத்தள வீட்டை வாங்கினார். அதைத் தவிர அவர்களுக்கு வேறு சொத்து கிடையாது. சில வருஷங்களுக்கு முன் பேருந்துப் படியிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது நாலு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். படி ஏற முடியாது.

வாங்கிய எட்டுக் குடும்பமும் நெல் விளைகிற மண்ணிலிருந்து வந்தவர்கள். பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது: வீடு அவரவருக்கு, அடியில் உள்ள மனை எட்டுப் பேருக்கும் பொது, ஆளுக்கு எட்டில் ஒன்று, பிரிபடாத பாகம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தாலே புரிகிற தமிழ் அது. ஆனால் வரப்புச் சண்டையில் வளர்ந்தவர்களுக்குப் பிரிபடாத பாகம் என்ற சொல் தொண்டையில் நின்றது. முதல் மாடி செந்தில்குமார்தான் அங்கே செயலாளர். ஏதோ ஒரு ஆபீசில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "எட்டுல ஒன்னு சரி. எந்த எட்டுல ஒன்னு?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஆடிப்பெருக்கு நல்ல நாள் என்று சொல்லி, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைச் சங்கிலியோடு வரவழைத்தார். கட்டடத்தைச் சுற்றிக் கிடந்த காலி மண்ணை அளந்து, சீட்டுக் குலுக்கி, கல் நட்டுத் தேங்காய் உடைத்தார்கள். இரண்டாம் மாடி அன்சார் பாய், "தேங்காய் உங்களோட இருக்கட்டும், எனக்குக் கல்லு மட்டும் போதும்" என்று சொல்லி அவரும் ஒன்று நட்டுக்கொண்டார். மாடியில் குடியிருக்கிறவன் தரையில் கல் நடுகிறான். இந்தக் கூத்தை எங்கள் ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

மாலதியையும் கூப்பிட்டார்கள். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க பங்கு எதுன்னு பாத்துக்கங்க மாலதி" என்றார் செந்தில்குமார்.

"எனக்கு மண்ணு வேண்டாம் சார். களை பிடுங்க எனக்குத் தெம்பில்ல."

ரெத்தினத்துக்கு ஒரு கல் நட்டால் என்ன என்றுதான் இருந்தது. "நம்மளும் ஒன்னு போட்டுவைப்போமே" என்றார். "போட்டு, நீங்க உழுவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மண் வேண்டாம் என்று அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் செந்தில்குமார் காதில் போட்டு வைத்துக்கொண்டார். எட்டாக அளந்தது அன்றைக்கே ஏழாக அளக்கப்பட்டது. மண்ணைச் சும்மா விடக் கூடாதாம்.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நடந்ததை நான் போகும்போதெல்லாம் பார்த்தேன். முன்பக்கம் செந்தில்குமாரின் வாழை, அதை ஒட்டி அன்சார் பாயின் முருங்கை, பிறகு பூசணி, அவரை, ஒன்றுமே விளையாத ஒரு துண்டில் முள்வேலி. வயலில் இரண்டு பக்கத்துக்காரனும் பொது வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்வெட்டியால் சீவுவான் அல்லவா, அதேபோல் இங்கே கரண்டியால் சீவினார்கள். "பாய், உங்க முருங்கை நிழல் என் மண்ணுல விழுது" என்று செந்தில்குமார் மாடியிலிருந்து கத்துவார். "சூரியன்கிட்ட சொல்லுங்க சார்" என்று இன்னொரு மாடியிலிருந்து பதில் வரும். ஏழு பேருக்கும் சர்க்கரை உண்டு. மாதம் பிறந்தால் ஏழு பேரும் மாலதியிடம் கையை நீட்டுவார்கள். ஒவ்வொருவனும் அடுத்தவன் கல்லை நகர்த்தியதைச் சொல்லிக்கொண்டே ரத்தம் கொடுப்பான். இவள் கேட்டுக்கொண்டே பஞ்சை அழுத்துவாள்.

போன வருஷம் மழையில் மூன்றாம் மாடியின் சன்ஷேடு பெயர்ந்து செந்தில்குமாரின் வாழைமேல் விழுந்தது. பார்க்க வந்த இன்ஜினியர், உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடித்துப்போயிற்று, பழுது பார்ப்பதைவிட இடிப்பது மேல் என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், மாலதியும்தான். மனை முழுவதையும் வாங்க ஒரு கல்யாண மண்டபக்காரர் முன்வந்தார். முழுசாக இருந்தால் வாங்குவேன், துண்டாக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பிறகு வாசலில் நாற்காலி போட்டுக் கூட்டம். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். செந்தில்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இடிக்கிற கட்டடத்துக்கு விலை கிடையாது. இரும்பு வித்தா இடிக்கிற கூலிக்குச் சரியாப் போயிடும். விலை மண்ணுக்குத்தான். மண்ணை யார் யார் அனுபவிச்சாங்களோ அவங்கவங்க கல்லுப்படி பிரிச்சுக்கிறது" என்றார்.

"அப்ப எனக்கு?" என்றாள் மாலதி.

"நீங்கதான் மண்ணு வேண்டாம்னீங்களே. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் கழட்டிக்கங்க. தேக்கு."

அன்சார் பாய் மட்டும், "சார், அதெப்படி..." என்று ஆரம்பித்தார். "அப்ப உங்க பங்குல பாதி குடுத்துடுங்க பாய்" என்றார் செந்தில்குமார். பாய்க்கு உடனே போன் பேச வேண்டிய வேலை வந்துவிட்டது.

மாலதி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவள் கையெழுத்து இல்லாமல் மண்டபக்காரர் வர மாட்டார். ஆகவே ஏழு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்: இந்தக் கூட்டு ஏற்பாட்டை முடித்து வைக்க வேண்டும், மனையை முழுசாக விற்க உத்தரவிட வேண்டும், வருவதைக் கல்லுப்படி ஏழு பேருக்குப் பிரித்துத் தர வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள், ஒரே காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சம்மன் வந்ததும் பூதலூரில் ரயில் ஏறிப் போனேன். ரெத்தினம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன். ஒரு கல்லு நட்டிருந்தா இன்னைக்கு நமக்கும் ஒரு பேச்சு இருக்கும்."

"நட்டிருந்தா எட்டாவதா நீங்களும் கரண்டியோட நின்னுருப்பீங்க" என்றாள் மாலதி. அவள் கை சோதனைக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு சீட்டைக் கோணலாக ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மண்ணில் பங்கு இல்லை என்று ஆகிவிட்டால், படி ஏற முடியாத மனிதரை வைத்துக்கொண்டு எங்கே போவது? தரையோடு இருக்கும் வீட்டுக்கு வாடகைகூட எட்டாது.

வக்கீல் கமருன்னிஸா சின்ன வயதுப் பெண். பத்திரத்தை இரண்டு முறை படித்தார். "அக்கா, இந்த மாதிரி விஷயத்துல கோர்ட்டுக்கு நிறைய அதிகாரம் இருக்கு. முடிச்சு வைக்கலாம், முடிக்க மாட்டேன்னும் சொல்லலாம். பிரிக்க முடியாத சொத்துன்னா வித்து, பணத்தைக் கோர்ட்டுலயே கட்டச் சொல்லி, பாகப்படி குடுக்கலாம். கமிஷனரை அனுப்பி அளக்கலாம். ரிஜிஸ்டர் ஆன பாகத்தை வாய்ப்பேச்சுல அழிக்க முடியாதுதான். ஆனா அவங்க, நீங்களா விட்டுக் குடுத்தீங்க, இத்தனை வருஷம் கேக்கலைன்னு சாட்சி சொல்வாங்க. ஜட்ஜ் அதை எப்படி எடுத்துப்பாங்கன்னு இப்ப சொல்ல முடியாது. நீங்க மட்டும் கோர்ட்டுல தேவையில்லாம வாயத் தொறக்காதீங்க."

அடுத்த வாரமே செந்தில்குமாருக்குச் சர்க்கரை பார்க்கும் நாள். வேறு ஆளைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மாலதிக்குத்தான் போன் செய்தார். இதைவிட வெட்கம் கெட்ட மனிதனை நான் பார்த்ததில்லை. அவளும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கதவோரம் நின்று நான் பார்த்தேன்.

"கோர்ட்டு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டுக் குத்திடாதீங்க மாலதி" என்று சிரித்தார்.

"கோர்ட்டுல குத்துறதுக்கு வக்கீல் இருக்காங்க சார். கையை மடக்காதீங்க."

ஒரே குத்தில் ரத்தம் வந்தது. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம் போல இருந்தது.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் சர்வேயரோடு வந்த நாள் ஒரு திருவிழா. ஏழு பேரும் அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் எல்லை இதுவரைக்கும் என்று ஒவ்வொருவரும் கைகாட்டியதைச் சர்வேயர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஏழு பேர் கேட்ட மண்ணையும் சேர்த்தால் மனை போதவில்லை, பாதித் தெரு தேவைப்பட்டது. கழிவுநீர்த் தொட்டி யாருடைய கல்லுக்குள் வருகிறது என்று கமிஷனர் கேட்டார். அதுவரை அங்குலத்துக்கு அடித்துக்கொண்ட செந்தில்குமாரும் அவரைக்காய்ப் பந்தல் போட்டவரும் ஆளுக்கு ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"அது பொதுங்க" என்றார் செந்தில்குமார்.

கமிஷனர் அதையும் எழுதிக்கொண்டார்.

விசாரணை அன்று கோர்ட்டில் நல்ல கூட்டம். நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவரைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறிய செந்தில்குமார், மாலதி எல்லார் முன்னாலும் மண் வேண்டாம் என்று சொன்னதாகச் சாட்சி சொன்னார். அதை மட்டும் பொய்யென்று சொல்ல முடியாது.

நீதிபதி மாலதியைப் பார்த்தார். "அப்படிச் சொன்னீங்களா?"

கமருன்னிஸா எழுந்திருப்பதற்குள், "சொன்னேங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

எதிர்ப்பக்க வக்கீல் செந்தில்குமாரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஏன் சொன்னீங்க?"

"களை பிடுங்கத் தெம்பில்லங்கம்மா. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ரத்தம் எடுக்கப் போறவ நான். அவங்க தோட்டம் போடக் கூப்பிட்டாங்க, வேண்டாம்னேன். வீட்டை வேண்டாம்னு சொல்லல."

பின்னால் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கமிஷனரின் அறிக்கையைப் புரட்டி, எதிர்ப்பக்க வக்கீலைக் கேட்டார்.

"ஒரு பக்கத்துல, இது எட்டுப் பேருக்கும் பொதுவான மனை, தனித்தனியாப் பிரிக்க முடியாது, அதனால முடிச்சு வித்துக் குடுங்கன்னு கேக்குறீங்க. அடுத்த பக்கத்துல, கல்லு நட்டு அப்பவே பிரிச்சாச்சுன்னு சொல்றீங்க. பிரிஞ்சு முடிஞ்சதை நான் எப்படி முடிச்சு வைக்கிறது? பிரிச்சாச்சுன்னா வழக்கே வேண்டாம். அவங்கவங்க கல்லுக்குள்ள இருக்கறதை அவங்கவங்க வித்துக்கலாம்."

அந்தத் துண்டுகளை யார் வாங்குவார்? ஒரு துண்டில் ஒரு மாட்டைக்கூடக் கயிற்றை நீட்டிக் கட்ட முடியாது. மண்டபக்காரர் கோர்ட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கலைன்னா, பத்திரத்துல இருக்கற பாகம்தான் பாகம்" என்றார் நீதிபதி. "அங்க கல்லு இருக்கா, இல்லையா? அடுத்த வாய்தாவுல ஏழு பேரும் சேர்ந்து ஒரே பதிலாச் சொல்லுங்க."

ஒரே பதில். அதுதான் அவர்களால் முடியாத காரியம். கல்லைப் பிடுங்கினால்தான் விற்பனை நடக்கும் என்று ஏழு பேருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் முதலில் எவன் பிடுங்குவது? நான் பிடுங்கிய பிறகு பக்கத்தவன் பிடுங்காவிட்டால் என் மண் அவனுக்குப் போய்விடுமே என்று ஒவ்வொருவனும் கணக்குப் போட்டான். காலையில் பல் விளக்கிக்கொண்டே மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஏழு கல்லும் அப்படியே இருக்கும். உள்ளே போய்விடுவார்கள். வாய்தா நாள் நெருங்கிவிட்டது. கட்டடமோ இன்னொரு சன்ஷேடை உதிர்த்தது.

கடைசியில் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செந்தில்குமாரும் அன்சார் பாயும் மாலதி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"உங்க ஒருத்தருக்குத்தான் மாலதி அங்க கல்லு இல்ல" என்றார் செந்தில்குமார். குரலில் சர்க்கரை வழிந்தது. "நீங்க பிடுங்கிட்டீங்கன்னா யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பொதுவான மனுஷி."

மாலதி கைகளைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து அந்த ஏழு கற்களையும் ஒரு முறை பார்த்தாள்.

"களை பிடுங்க எனக்குத் தெம்பில்லன்னு அன்னைக்கே சொன்னேனே சார். கோர்ட்டுல நீங்கதானே சாட்சி சொன்னீங்க."

அன்சார் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். "அப்ப என்னதான் தங்கச்சி பண்றது?"

உள்ளேயிருந்து ரெத்தினம்தான் வழி சொன்னார். "எல்லாரும் ஒரே நேரத்துல பிடுங்குங்க பாய். நான் விசில் குடுக்குறேன்."

மறுநாள் காலை நாற்காலியை வாசலில் போட்டு, பழைய கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரெத்தினம் உட்கார்ந்தார். கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஏழு பேர் நின்றார்கள். கல்லைச் சுற்றி மண் பறித்தாயிற்று. முதல் விசிலுக்கு ஒருவரும் அசையவில்லை. அடுத்தவன் குனிகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏறுறவங்க ஏறுங்க, இறங்குறவங்க இறங்குங்க, நடுப்படியில நிக்காதீங்க" என்று ரெத்தினம் அதட்டினார். இடுப்பு ஒடிந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இரண்டாவது விசிலுக்கு ஏழு முதுகும் ஒன்றாக வளைந்தன. ஏழு கல்லும் வெளியே வந்தன. செந்தில்குமார் தன் கல்லைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய்விட்டார்.

கல் இல்லை என்று ஏழு பேரும் கோர்ட்டில் ஒரே பதிலாகச் சொன்னார்கள். தீர்ப்பில் வளைவு நெளிவு ஒன்றும் இல்லை. கூட்டு ஏற்பாடு முடிக்கப்படுகிறது, மனை முழுசாக விற்கப்பட வேண்டும், வாங்குகிறவர் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், எட்டுப் பேருக்கும் பத்திரப்படி சமமாகப் போக வேண்டும், அது கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கேட்கலாம். கமருன்னிஸா எங்களுக்காக இரண்டாம் முறை வாசித்தபோது, எட்டு என்ற இடத்தில் மாலதி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பங்கில் அவள் பக்கத்துத் தெருவிலேயே தரையோடு ஒரு பழைய வீடு வாங்கினாள். இரண்டு அறை, வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. ரெத்தினம் ஊன்றுகோலோடு தெருமுனைவரை தானே போய் டீ குடித்துவிட்டு வருகிறார். வீட்டு முன்னால் கையகல மண் கிடந்தது. நான் ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் அதில் சிமெண்ட் பூசிவிட்டாள். கன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

செந்தில்குமார் வேறொரு புதிய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறார். போன மாதம் நான் தஞ்சாவூர் போயிருந்தபோது அவருக்குச் சர்க்கரை பார்க்கும் நாள் வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாலதி படியேற, நானும் பின்னால் ஏறினேன். வரவேற்பறை மூலையில், பூச்சாடிக்குப் பீடமாக அந்தக் கல் இருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"இங்கயும் எல்லாம் பொதுன்னுதான் எழுதியிருக்கான் மாலதி. மொட்டை மாடியில நம்ம பங்கு எந்தப் பக்கம்னே தெரியல. ஞாயித்துக்கிழமை ஒரு ஆளை வரச்சொல்லி அளந்து பாக்கலாம்னு இருக்கேன்."

மாலதி அவர் கையைத் திருப்பி நரம்பைத் தேடினாள்.

"கையை மடக்காதீங்க சார்" என்றாள்.